லேப்டாப்பில் ஆடியோ தொல்லை: நீண்ட நாள் பயன்படுத்தியதில் தெரிந்துகொண்டவை

லேப்டாப்பில் சத்தம் வரவில்லை என்றதும் பலரும் முதல் வேலையாக டிரைவரை (பாகங்களை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) நீக்கிவிட்டுத் திரும்பப் போடுகிறார்கள், அதிலும் சரியாகவில்லை என்றால் விண்டோஸையே புதிதாகப் போட்டுவிடுகிறார்கள். ஒரே லேப்டாப்பைத்தான் பல வருடங்களாக வேலைக்கும் பாட்டுக்கும் வைத்திருக்கிறேன், ஆடியோவில் அது தராத தொல்லை இல்லை, ஆனாலும் விண்டோஸை அழித்துப் போடும் நிலை வந்ததே கிடையாது. சத்தம் எதுவரை வருகிறது, எங்கே நின்றுபோகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடிக்கடி வருவது, சத்தம் வேறு எங்கோ போய்க்கொண்டிருப்பது. எச்டிஎம்ஐ கேபிளில் மானிட்டரை மாட்டியதும் சிஸ்டம் அதையே ஸ்பீக்கராக எடுத்துக்கொள்ளும், அந்த மானிட்டரில் ஸ்பீக்கரே இல்லாமலும் இருக்கலாம். விண்டோஸ் 11-ல் விண்டோஸ், கண்ட்ரோல், வி மூன்று பட்டன்களையும் சேர்த்து அழுத்தினால் எந்தக் கருவிக்குச் சத்தம் போகிறது என்று உடனே தெரியும். பழைய சவுண்ட் கண்ட்ரோல் பேனலில் அந்தக் கருவிக்குப் பக்கத்தில் பச்சைப் பட்டை துள்ளுகிறதா என்றும் பாருங்கள். துள்ளுகிறது, ஆனால் காதுக்கு எதுவும் வரவில்லை என்றால் பாட்டை ஓட்டும் செயலி தன் வேலையைச் செய்கிறது, கோளாறு அதற்கு அப்பால்தான். ஒரு செயலியில் மட்டும் சத்தம் இல்லையா, ஒவ்வொரு செயலியின் சத்தத்தையும் தனித்தனியாக அமைக்கும் வால்யூம் மிக்சரில் அந்தச் செயலிக்கென்று தனியாக வேறு கருவி தேர்வாகி இருக்கலாம். அழைப்பு வந்ததும் பாட்டுச் சத்தம் தானாகக் குறைவதும் கோளாறு இல்லை, பழைய சவுண்ட் கண்ட்ரோல் பேனலில் கம்யூனிகேஷன்ஸ் என்ற பகுதியில் மற்ற சத்தங்களை 80 சதவீதம் குறைக்கும் அமைப்பு முதலிலிருந்தே போட்டிருக்கும், அதை எடுத்துவிட்டால் போதும்.

என்னை அதிகம் படுத்தியது கரகரப்பு. பாட்டு ஓடும்போது நடுநடுவே டிக் டிக் என்று வெட்டும், ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதோ என்று தோன்றும். ஹெட்போனிலும் அதே வெட்டு வந்தால் ஸ்பீக்கர்மேல் பழி போட வேண்டாம். விண்டோஸ் பொதுவாக 10 மில்லிசெகண்ட் அளவுத் துண்டுகளாக ஆடியோவைக் கையாளுகிறது, அந்த நேரத்துக்குள் அடுத்த துண்டு வந்து சேராவிட்டால் வெட்டு கேட்கும். வேறு ஏதோ ஒரு டிரைவர் பிராசசரைக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்துவைத்தால் அந்தத் தாமதத்துக்கு அதுவே போதும். எந்த டிரைவர் தாமதம் செய்கிறது என்று காட்டும் லேட்டன்சிமான் என்ற மென்பொருளை ஓடவிட்டு, பக்கத்தில் பாட்டையும் போட்டுவிட்டுப் பார்த்தேன், பட்டியலில் மேலே நின்றது ஆடியோ டிரைவரே இல்லை, வைஃபை டிரைவர்! வைஃபையை அணைத்ததும் வெட்டு நின்றது, அந்த டிரைவரைப் புதுப்பித்ததும் ஒரேயடியாகப் போய்விட்டது. ஆடியோ டிரைவரை எத்தனை தடவை மாற்றியிருந்தாலும் இது தீர்ந்திருக்காது.

அப்டேட்டுக்குப் பிறகு சத்தம் ஒல்லியாக, தகரம் தட்டுவதுபோல் வந்தால் மட்டும் நேராக விண்டோஸில் டிரைவர்களைக் கவனிக்கும் டிவைஸ் மேனேஜருக்குப் போங்கள். லேப்டாப் மாடலுக்கென்று வந்த டிரைவருக்குப் பதிலாகப் பொதுவான டிரைவர் உட்கார்ந்திருக்கலாம். சின்ன ஸ்பீக்கருக்கு ஏற்றபடி சத்தத்தைத் திருத்தும் வேலையெல்லாம் பெரும்பாலும் மாடலுக்கான டிரைவரோடுதான் வருகிறது. முந்தைய டிரைவருக்குத் திரும்பும் ரோல் பேக் பட்டன் உயிரோடு இருந்தால் அதை அழுத்துவது போதும், இல்லாவிட்டால் தயாரிப்பாளர் தளத்தில் உங்கள் மாடலின் பக்கத்திலிருந்தே எடுங்கள், டிரைவர் தேடித் தரும் மென்பொருள்கள் பக்கம் போகவே போகாதீர்கள்.

ப்ளூடூத் ஹெட்செட் கதை வேறு. பாட்டு அருமையாகக் கேட்கும், மீட்டிங்கில் சேர்ந்ததும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். கிளாசிக் ப்ளூடூத்தில் நல்ல தரப் பாட்டுக்கான வழி ஒருபக்கம் மட்டுமே போகும், மைக்கும் வேண்டும் என்றால் கருவி ஹேண்ட்ஸ்ஃப்ரீ முறைக்கு மாறிவிடும், அதில் இடது வலது பிரிவில்லாத மோனோ சத்தம் பெரும்பாலும் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் என்ற குறைந்த மாதிரி வீதத்தில்தான் (நொடிக்கு எத்தனை தடவை சத்தத்தை அளக்கிறது என்ற கணக்கு) வரும். ஹெட்செட்டை மாற்றினாலும் அந்த முறை இருக்கும்வரை இது மாறாது. மீட்டிங் செயலியில் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள், காதுக்கு வரும் சத்தம் பழைய தரத்துக்கே திரும்பிவிடும். இவ்வளவு எளிய விஷயம் தெரியாமல் நிறையப் பேர் புது ஹெட்செட் வாங்குவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

சார்ஜர் மாட்டினால் மட்டும் ஹெட்போனில் உம்மென்று இரைச்சல் வருகிறதா, அது மின்சாரப் பக்கத்துச் சிக்கல், செட்டிங்கில் தேட வேண்டாம். அப்புறம் அந்த 3.5 மில்லிமீட்டர் ஜாக். ஹெட்போனைக் கழற்றிய பிறகும் சிஸ்டம் அது மாட்டியிருப்பதாகவே காட்டும், ஸ்பீக்கர் ஊமையாக இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே பஞ்சும் தூசும் உருண்டு அடைந்திருப்பது தெரியும். லேப்டாப்பை அணைத்துவிட்டு மரக் குச்சியால் மெதுவாக எடுத்தபின், பின்னைச் சில தடவை செருகிக் கழற்றினேன், உள்ளே இருக்கும் சின்ன ஸ்விட்ச் விடுபட்டது. ஊசி, கம்பி எதையும் உள்ளே விடாதீர்கள்.

எதுவும் பிடிபடவில்லை என்றால் இரண்டு சோதனை. விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தை யுஎஸ்பி டிரைவில் ஏற்றி, எதையும் நிறுவாமல் அதிலிருந்தே இயக்கிப் பாருங்கள், அங்கே சத்தம் வந்தால் பாகங்கள் நன்றாகவே இருக்கின்றன. வராவிட்டால் உடனே முடிவு கட்ட வேண்டாம், புதிய சில மாடல்களின் ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயருக்கு லினக்ஸில் ஆதரவு தாமதமாகத்தான் வருகிறது, அதனால் ஹெட்போனையும் மாட்டிப் பாருங்கள். இரண்டாவது, யுஎஸ்பி சவுண்ட் அடாப்டர். அது உள்ளே இருக்கும் ஆடியோ சிப்பைத் தொடாமலே வேலை செய்யும், அதில் தெளிவாகக் கேட்டு உள் ஜாக்கில் மட்டும் சொதப்பினால் சிப்போ அதன் டிரைவரோ ஜாக்கோதான் காரணம். என் லேப்டாப்பின் உள் ஜாக் கடைசியில் தளர்ந்தேவிட்டது, பிரித்து மாற்றுவதைவிட அடாப்டரே மேல் என்று அதிலேயே கேட்டுக்கொண்டிருக்கிறேன், இரைச்சலும் முன்பைவிடக் குறைவு.