சும்மா தேய்ப்பதா, பேசிக்கொண்டே தேய்ப்பதா?

குடியாத்தம் பக்கம் ஆயா காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்க்கும்போது வாய் ஓயாது: "என்னடா ராஜா, ஆயா மேல கோவமா?" இன்னொரு வகை, செல்போன் பார்த்துக் கற்ற மசாஜ். அழுத்தம் அளவாக இருக்கும், பேச்சே இருக்காது.

ஆரோக்கியமான பச்சிளங்குழந்தைகளின் உமிழ்நீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்த ஆய்வு ஒன்று 2009இல் வந்தது. வெறுமனே தடவிய குழந்தைகளுக்கு, முடித்த கையோடு அது ஏறி, அப்புறம்தான் இறங்கியது. பேச்சு கொடுத்து, முகம் பார்த்து, ஆட்டியும் விட்ட குழந்தைகளுக்குச் சீராகக் குறைந்தது. சின்ன ஆய்வுதான், சரி. ஆனாலும் என் ஓட்டு ஆயாவுக்கே, காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடாத வரை! வேலூர் வெயிலுக்குத் தேங்காயெண்ணெய் போதும், கடுகெண்ணெய் வேண்டாம்.