மூன்று மாதத் தையல் வகுப்பு: எல்லாம் சரி, கைக்குழியைத் தவிர

"பக்கத்துத் தெருவுல சாயங்கால பேட்ச் ஆரம்பிக்கிறாங்களாம், சேரலாமாடி?" என்று தோழி கேட்கிறாள். வாரத்துக்கு 3 நாள், நாளுக்கு 2 மணி நேரம், மொத்தம் 3 மாதம். அதே இடத்தில் இதே வகுப்பை நான் முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. அவளுக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டால் பாதிதான் சொன்னதாகும்.

முதல் வாரம் நூலே கோர்க்க விடமாட்டார்கள். கோடு போட்ட நோட்டுத் தாளை வைத்து, வெறும் ஊசியால் கோட்டின் மேலேயே ஓட்ட வேண்டும். நேர்கோடு, பிறகு கட்டம், பிறகு வளைவு. மூலை வந்தால் ஊசி தாளுக்குள் இறங்கியிருக்கும்போதுதான், மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்கித் திருப்ப வேண்டும். சலிப்பாக இருக்கும். ஆனால் கால் மிஷின் வசப்படுவது இந்த வாரத்தில்தான். சக்கரம் எப்போதும் நம் பக்கமாக உருள வேண்டும். ஒரு மிதி பின்னால் போனாலும் நூல் அடியில் சிக்கிக் கூடு கட்டிவிடும்.

அடிப்பக்கம் நூல் சுருள் சுருளாக விழுந்தால் எல்லோரும் அடிநூல் சுற்றிய பாபினைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் கோளாறு மேலே இருக்கும். பிரஷர் ஃபுட்டை இறக்கி வைத்துக்கொண்டு மேல்நூல் கோர்த்தால் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியே கிடக்கும், நூல் இடையில் போய் உட்காராது. ஃபுட்டைத் தூக்கிவிட்டு மறுபடி கோர்த்தால் போதும். பாபின் கேஸைச் சோதிக்க நூலைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். தானாகச் சரசரவென்று இறங்கினால் லூஸ். கையை லேசாக உதறும்போது மட்டும் கொஞ்சம் இறங்கினால் சரி. இதெல்லாம் வகுப்பில் பொறுமையாகச் சொல்லித் தந்தார்கள். அதற்குக் குறை சொல்ல மாட்டேன்.

அதைவிட அருமை, கிராஸ் பீஸ் பாடம். கழுத்து வளைவுக்கு வைக்கும் பட்டியைத் துணியின் நேரில் வெட்டினால் அது வளைவுக்கு இழுபடாமல் சுருங்கி நிற்கும். துணியை மூலைவாட்டாக, சரியாக 45 டிகிரியில் மடித்து, ஒன்றேகால் இன்ச் அகலத்தில் வெட்டினால் ரப்பர் போல வளைந்து கொடுக்கும். இரண்டு துண்டுகளைச் சேர்க்கும்போதும் ஒட்டு சாய்வாகவே வர வேண்டும். நேராக ஒட்டினால் திருப்பும்போது அங்கே மட்டும் தடித்துக்கொள்ளும். வைத்துத் தைத்த பிறகு, தையலுக்கு ஒரு நூல் தள்ளி வளைவு முழுக்கக் கத்தரியால் சின்னச் சின்ன வெட்டு. அப்புறம் திருப்பி ஹெம்மிங். கழுத்து கச்சிதமாக உடம்போடு படிந்து உட்காருவதைப் பார்த்தால் வரும் சந்தோஷமே தனி. இந்த ஒரு பாடத்துக்கே பாதிக் கட்டணம் தகும்.

உள்பாவாடை, ஜபலா, ஃபிராக் எல்லாம் தடையில்லாமல் போகும். சிக்கல் ப்ளவுஸில், அதுவும் கையைப் பொருத்த உடலில் வெட்டும் வளைவான கைக்குழியில்.

பிரவுன் பேப்பரில் வரையும் அளவு எல்லாமே மார்புச் சுற்றளவை வைத்துத்தான். 36 இன்ச் என்றால் நாலில் ஒன்று 9, தையலுக்கு ஒன்றரை சேர்த்துப் பத்தரை. கைக்குழி இறக்கம் எட்டில் ஒன்றுடன் 2 சேர்த்து ஆறரை. பேப்பரில் அழகாக வரும். ஆனால் 36 உள்ள இரண்டு பெண்களில் ஒருத்திக்கு முதுகு அகலம், இன்னொருத்திக்கு மார்பு அகலம். ஒருத்தியின் தோள் இறங்கி இருக்கும், மற்றவளுடையது நிமிர்ந்து நிற்கும். கணக்கு இருவருக்கும் ஒரே குழியைத் தோண்டுகிறது. முதுகு அகலம், முன் அகலம், கைக்குழிச் சுற்றளவு இந்த மூன்றையும் தனியாக எடுத்தால்தான் வேறுபாடு பிடிபடும். இந்த மூன்றையும் வகுப்பில் எடுக்கவே இல்லை.

போட்டுப் பார்த்து அக்குளில் பிடித்தால் என்ன செய்வது? "இன்னும் அரை இன்ச் இறக்கிடு" என்பதுதான் பதில். இதுதான் என் தீராத ஆதங்கம், ஏனென்றால் செய்ய வேண்டியது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. கைக்குழி இறங்க இறங்கப் பக்கவாட்டுத் தையலின் உயரம் குறைகிறது. கையைத் தூக்கினால் கைத்துணி ப்ளவுஸின் பக்கத்தையே பிடித்து மேலே இழுக்கும். கீழ்ப்பட்டி மார்பின் மேல் ஏறும். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் ப்ளவுஸை இழுத்துவிட்டுக்கொள்ளும் பெண்களில் பலருக்குக் காரணம் இதுதான். குழி அக்குளுக்கு அரை இன்ச் முதல் முக்கால் இன்ச் கீழே நின்றால் கை தாராளமாக உயரும். இறுக்கம் வருவது பெரும்பாலும் முதுகு அகலம் போதாமல், அல்லது கையின் மேல்பகுதி குறுகிப்போய். அங்கே கால் இன்ச் கொடுத்துப் பாருங்கள். வெட்டிய குழியை மறுபடி ஏற்ற முடியாது. அக்குளில் துண்டு வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். அதனால் முதலில் குறைவாகவே வெட்டுங்கள்.

அடுத்தது, ப்ளவுஸின் கையும் குழியும் சேரும் அளவு. வெட்டிய ஓரத்தில் டேப்பை நிறுத்தி அளந்து, "கை அரை இன்ச் கூட இருக்கு, போதும்" என்று தைக்கச் சொல்வார்கள். தைத்து முடித்தால் கை இழுத்துக்கொண்டு நிற்கும். கைக்குழி உள்வளைவு. அங்கே ஓரத்திலிருந்து அரை இன்ச் தள்ளிப் போடும் தையல் கோடு ஓரத்தைவிட நீளம். கையின் மேல்வளைவு வெளிவளைவு. அங்கே தையல் கோடு ஓரத்தைவிடக் குறைவு. இரண்டும் சேர்ந்து அந்த அரை இன்ச்சையும் தின்றுவிடும். ஆகவே தையல் கோட்டைச் சாக்பீஸால் வரைந்து, அந்தக் கோட்டின் மேல் டேப்பை நிறுத்தி அளக்க வேண்டும். அங்கே கைத்துணி கால் இன்ச்சிலிருந்து அரை இன்ச் வரை கூடுதலாக இருக்கட்டும்.

பக்கவாட்டுத் தையலில் உள்ளே ஒன்றரை இன்ச் விடும் பழக்கத்தில் கைக்குழியிலும் ஒரு இன்ச் விட்டுவிடுகிறோம். வளைவில் அவ்வளவு துணி விரியாமல் அக்குளில் திரண்டு குத்தும். அரை இன்ச் தாண்ட வேண்டாம்.

தைக்கும்போது ஒரு முனையில் தொடங்கி மறுமுனைக்கு ஓட்டாதீர்கள். மிஷினின் அடியில் துணியை நகர்த்தும் பல் கீழ்த்துணியை வேகமாகத் தள்ளும், மேல்துணி பின்தங்கும். அதனால் கடைசியில் கால் இன்ச் மிஞ்சும். கையின் நடுப்புள்ளியைத் தோள் தையலோடு குண்டூசியால் குத்தி, அங்கிருந்து இரு பக்கமும் தையுங்கள். நீளம் கூடுதலான கைத்துணி கீழே, பல்லோடு ஒட்டி இருக்கட்டும். மிஞ்சுவதைப் பல்லே உள்ளே இழுத்துக்கொள்ளும். கையின் முன்பக்கத்தில் ஒரு வெட்டு, பின்பக்கத்தில் இரண்டு வெட்டு போட்டு வைத்தால் இரண்டு கைத்துணியும் ஒரே பக்கக் கைக்கானதாகிப் போகும் விபத்தும் நடக்காது.

குழி ஓரம் முன்னால் தொளதொளவென்று வாய் பிளந்தால் கைக்குழி டாட்டில், அதாவது துணியை மடித்துக் கூம்பாகத் தைக்கும் இடத்தில், கால் இன்ச் கூடப் பிடிக்கலாம். டாட் முனையை ரிவர்ஸ் அடித்து முடிக்காமல் நூலை விட்டு முடிச்சுப் போடுங்கள், முனை கூம்பாகத் துருத்தாது. லைனிங் துணியை வெட்டுவதற்கு முன் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட வேண்டும் என்பதைக்கூட வகுப்பில் கடைசி வாரம்தான் சொன்னார்கள். அதற்குள் இரண்டு ப்ளவுஸ் முதல் சலவையிலேயே சுருங்கிவிட்டன.

சான்றிதழ் வேண்டுமென்றால் அது வேறு கணக்கு. தமிழக அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கத் தையல் கற்ற சான்று கேட்பார்கள். அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் தையல் லோயர், ஹையர் தேர்வுகளும் இருக்கின்றன. அந்த நோக்கத்தோடு போகிறவர்கள் அதற்குத் தோதான வகுப்பா என்று முதலில் கேட்டுக்கொள்ளட்டும்.

தோழிக்கு என் பதில்: கிராஸ் பீஸையும் கால் மிஷினையும் இவ்வளவு நன்றாகச் சொல்லித் தரும் இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. ஆனாலும் நீ சேர வேண்டாம். உனக்கு வேண்டியது உன் உடம்புக்குப் பொருந்தும் ப்ளவுஸ். போட்டுப் பார்த்து, பிரித்து, திருத்திக் காட்டாத வகுப்பில் அது வராது. வேறு இடத்தில் விசாரிக்கும்போது முதல் நாளே இதைக் கேள்: "பழைய துணியில ஒண்ணு வெட்டி, நான் போட்டுக் காட்டினா, எங்கே இழுக்குதுன்னு பார்த்துத் திருத்தித் தருவீங்களா அக்கா?" தருவோம் என்றால் அங்கே பணம் கட்டு. பழைய வேட்டித் துணி ஒரு மீட்டர் எடுத்துப் போ.