கான்ட்ராஸ்ட் வண்ணங்களும் வாஷும்: ஒரே பூச்சில் படையை முடிக்க முடியுமா?

வார்கேமிங் (மேசைமேல் ஆடும் போர் விளையாட்டு) மினியேச்சர்களுக்கு வண்ணம் பூசுவதில் எல்லோரும் சிக்கிக்கொள்வது ஒரே இடத்தில்தான். முதல் நாலைந்து வீரர்களை ஆசை ஆசையாகச் செய்வோம். மீதிப் படை சாம்பல் நிற பிளாஸ்டிக்காகவே பெட்டியில் கிடக்கும். அடிவண்ணம், அதன்மேல் வாஷ் (பள்ளங்களில் ஓடித் தேங்கி நிழல் தரும் நீர்த்த வண்ணம்), பிறகு இரண்டு மூன்று அடுக்கு, கடைசியில் ஹைலைட் (மேடுகளில் வெளிர் நிறம்) என்று பழைய முறையில் போனால் 28 மில்லிமீட்டர் உருவம் ஒன்றுக்கே ஒரு மாலைப்பொழுது போய்விடும். இந்தச் சிக்கலுக்குத்தான் கேம்ஸ் வொர்க்‌ஷாப் 2019-ல் சிட்டாடல் கான்ட்ராஸ்ட் வண்ணங்களைக் கொண்டுவந்தது. அப்புறம் இதே வகையில் ஆர்மி பெயின்டரின் ஸ்பீட்பெயின்ட், வயேஹோவின் எக்ஸ்பிரஸ் கலர் என்று வரிசையாக வந்தன. மூன்றையும் சில ஆண்டுகளாக மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன். வேகம் கிடைப்பது உண்மை. ஆனால் அந்த வேகத்தில் பாதியாவது பாட்டிலில் இல்லை, அதற்கு முன்னால் வண்ணம் ஒட்டுவதற்காக அடிக்கும் முதல் பூச்சான பிரைமரில் இருக்கிறது.

சாதாரண அக்ரிலிக் வண்ணம் அடியில் இருப்பதை மறைக்கும். இந்த வகை மறைக்காது. ஒளி ஊடுருவும் நிறமியைச் சற்றுக் கெட்டியான ஊடகத்தில் கலந்திருப்பார்கள். மேட்டில் மெலிதாக நின்று பள்ளத்தில் அடர்த்தியாகத் தேங்குவதால், நிழலும் வெளிச்சமும் ஒரே பூச்சில் வந்துவிடுகின்றன. மேட்டில் நாம் பார்ப்பது பெரும்பாலும் அடியில் இருக்கும் பிரைமரின் நிறம்தான். அதனால் ஒரே சிவப்பு, குளிர்ந்த வெள்ளைமேல் ஒரு மாதிரியும் எலும்பு நிறத்தின்மேல் வேறு மாதிரியும் தெரியும். மஞ்சள், ஆரஞ்சு, தோல் நிறங்களுக்கு எலும்பு நிற அடி. நீலம், ஊதா, கருப்புக்கு வெளிர் சாம்பல் அடி. இதை மட்டும் ஒழுங்காகத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலை முடிந்தது.

‘ஸ்லாப்சாப்’ முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கருப்பு பிரைமர் அடித்து, சாம்பல் நிறத்தால் முழுவதும் டிரைபிரஷ் செய்து (கிட்டத்தட்ட காய்ந்த தூரிகையை மேடுகளில் உரசி), மேலிருந்து வெள்ளையால் லேசாக இன்னொரு டிரைபிரஷ் செய்து, அதன்மேல் கான்ட்ராஸ்ட் பூசுவது. நிழல் ஆழமாக விழும், கவனிக்காமல் விட்ட இடுக்குகள் கருப்பாகவே இருந்து நிழல் போலத் தெரியும். அழுக்கான, இருண்ட படைகளுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் மஞ்சளும் பளிச்சென்ற சிவப்பும் இதில் செத்துப்போகும். பிரகாசமான படை வேண்டுமென்றால் ஸ்லாப்சாப் வேண்டாம், வெளிர் பிரைமரே போதும்.

ரோமம், துணி மடிப்பு, தோல் பை, எலும்பு, தசை முறுக்கேறிய உடம்பு என மேடுபள்ளம் நிறைந்த எதுவும் இந்த வண்ணத்துக்கு விருந்து. எலும்புக்கூட்டுப் படைக்கு ‘ஸ்கெலிட்டன் ஹோர்ட்’ என்ற எலும்பு நிறக் கான்ட்ராஸ்ட் ஒரு பூச்சு பூசிவிட்டு ஆயுதங்களை மட்டும் முடித்தால் போதும், மேசையில் வைக்கலாம். வழவழப்பான பரப்பு நேர் எதிர். டாங்கியின் பக்கச்சுவர், பெரிய கேடயம், உருண்டையான தோள்கவசம் எல்லாவற்றிலும் திட்டுத்திட்டாகக் காயும், கீழ் விளிம்பில் வளையம் போலத் தேங்கும். வண்ணத்தைக் குறைவாக எடுத்து, ஈரமாக இருக்கும்போதே பள்ளத்தை நோக்கித் தள்ளி, தேங்கியதைச் சுத்தமான ஈரத் தூரிகையால் உறிஞ்சி எடுத்தால் ஓரளவு சமாளிக்கலாம். பாதி காய்ந்த இடத்தில் மட்டும் மறுபடி கை வைக்கக் கூடாது, படலம் கிழிந்து தழும்பு விழும். டாங்கிக்கு நான் இதைப் பயன்படுத்துவதே இல்லை. அங்கே ஏர்பிரஷ்ஷும் சாதாரண வண்ணமும்தான் சரி.

நிறத்தை மெலிதாக்க அதற்கென்றே உள்ள மீடியத்தை (நிறமி இல்லாத ஊடகம்) சேருங்கள். தண்ணீர் அதிகமானால் மேட்டைப் பிடித்து நிற்கும் தன்மை போய், ஓரங்களில் கறை வளையம் விழுகிறது.

வாஷின் இடம் வேறு. அது மூடும் வண்ணத்தின்மேலும் உலோக நிறத்தின்மேலும் போட வேண்டியது. வெள்ளி நிறம் பூசி, அதன்மேல் ‘நல்ன் ஆயில்’ என்ற கருப்பு வாஷ் ஒரு கை விட்டால் சங்கிலிக் கவசமும் வாளும் முடிந்தன. இந்தப் பொழுதுபோக்கில் இதைவிடக் குறைந்த உழைப்பில் இவ்வளவு பலன் தரும் வேலை வேறில்லை. பூட்ஸ், பெல்ட், மரப்பிடிக்கு ‘அக்ராக்ஸ் எர்த்ஷேட்’ என்ற பழுப்பு வாஷ். கான்ட்ராஸ்ட் பூசிய இடத்தில் பழக்கதோஷத்தில் மறுபடி வாஷ் போடுவது தேவையில்லை. ஏற்கெனவே நிழல் இருக்கிறது, மேலும் போட்டால் நிறம் மங்கி அழுக்கேறும்.

நாள்பட்ட பயன்பாட்டில்தான் தெரியும் விஷயம் ஒன்று உண்டு: மேட்டில் படலம் மெலிதாக இருப்பதால் கைபடும் இடங்கள் தேயும். தொப்பி உச்சி, முழங்கை, வாள் முனை ஆகிய இடங்களில் முதலில் பிரைமர் எட்டிப் பார்க்கும். விளையாடுவதற்கான படை என்றால் மேட் வார்னிஷ் கட்டாயம். ஸ்ப்ரே வார்னிஷ் ஈரப்பதம் அதிகமுள்ள நாளில் வெள்ளையாகப் பூத்துவிடலாம், அப்படிப்பட்ட நாளில் தூரிகையால் பூசும் வார்னிஷ்தான் பாதுகாப்பு. சில ஒற்றைப்பூச்சு வண்ணங்கள் காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் கரைந்து மேல்பூச்சில் கலக்கும். சிவப்பின்மேல் வைத்த வெள்ளை இளஞ்சிவப்பாகிவிடும். ஸ்பீட்பெயின்ட்டின் முதல் வரிசையில் இந்தக் குணம் பரவலாகப் பேசப்பட்டது, 2023-ல் வந்த 2.0 வரிசை இதைத் தீர்க்கும் புதிய கலவையோடு வந்தது. பழைய பாட்டில் கையில் இருந்தால் அதன்மேல் வேறு வண்ணம் வைப்பதற்கு முன் வார்னிஷ் அடித்துக்கொள்ளுங்கள்.

வேலை செய்யும் ஒழுங்கும் முக்கியம். எட்டுப் பத்துப் பேரை வரிசையாக வைத்து, ஒரே நிறத்தை எல்லோருக்கும் பூசினால், கடைசி ஆளை முடிக்கும்போது முதல் ஆள் ஓரளவு காய்ந்திருப்பார். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர்நிறத்தில் முடிக்க வேண்டும். வெளிர் நிறம் வழிந்தால் அடர்நிறம் மூடிவிடும், தலைகீழாகச் செய்தால் மூடாது. வழிந்த இடத்தைத் திருத்த இன்னொரு வழி, பிரைமரின் அதே நிறத்தைத் தூரிகையால் பூசும் குப்பியாகவும் வைத்திருப்பது. எலும்பு நிற ‘ரெய்த்போன்’, வெளிர் சாம்பல் ‘கிரே சீர்’ இரண்டும் ஸ்ப்ரேயாகவும் குப்பியாகவும் கிடைக்கின்றன. தவறிய இடத்தை அதால் மூடி, காயவிட்டு, மறுபடி கான்ட்ராஸ்ட் பூசினால் தடம் தெரியாது. இந்தக் குப்பி இல்லாமல் தொடங்கவே கூடாது என்பேன்.

மிச்சமான நேரத்தை முகத்திலும் பேஸிலும் (உருவம் நிற்கும் அடித்தட்டு) செலவிடுங்கள். மூக்கு, கன்னம், புருவ மேட்டில் ஒரு வெளிர் ஹைலைட்டும் பேஸின் விளிம்பில் சுத்தமான ஒரே நிறமும் இருந்தால், மூன்றடி தூரத்தில் முழுப் படையும் நேர்த்தியாகத் தெரியும். தளபதி போன்ற தனி உருவங்களுக்கு நான் இன்றும் அடுக்கு முறையில்தான் போகிறேன், அதற்கான பொறுமை இப்போது மிச்சம் இருக்கிறது.

புதிதாகத் தொடங்குபவர் முழு செட்டையும் வாங்க வேண்டியதில்லை. எலும்பு, தோல் பழுப்பு, கருப்பு, உடல் நிறம், படையின் முதன்மை நிறம் ஒன்று, ஒரு கருப்பு வாஷ் போதும். எந்த பிரைமர்மேல் எந்த வண்ணம் போட்டீர்கள், மீடியம் எவ்வளவு கலந்தீர்கள் என்பதை எழுதி வையுங்கள். ஒரு வருடம் கழித்து அதே படைக்குப் புது ஆட்களைச் சேர்க்கும்போது பிரைமர் மாறியிருந்தால், அதே பாட்டிலைப் பயன்படுத்தினாலும் பழைய வரிசையோடு நிறம் ஒட்டாது.