சபை வழி வளர்ப்புக் குடும்பமா, ஊர் வழியா? மூன்றாவது மாதத்தை வைத்து ஓர் ஒப்பீடு

பெற்றோர் சிறையில் இருக்கலாம், நீண்ட நாள் மருத்துவமனையில் இருக்கலாம். வீட்டில் அடி உதை தாங்காத பிள்ளையைக் குழந்தை நலத்துறையே வெளியே எடுத்திருக்கலாம். காரணம் எதுவானாலும் அந்தப் பிள்ளைக்குச் சில மாதங்களுக்கோ சில வருடங்களுக்கோ ஒரு வீடு வேண்டும். தத்து வேறு, இது வேறு. பெற்றோர் உறவு அறுந்துபோவதில்லை. நிலைமை சீரானால் பிள்ளை திரும்பிப் போகும்.

அந்த வீட்டை எங்கே தேடுவது? பிள்ளை வளர்ந்த ஊரிலேயே, உறவிலோ அக்கம்பக்கத்திலோ பார்ப்பது ஒரு வழி. ஒரு திருச்சபை தன் உறுப்பினர்களில் சில குடும்பங்களைத் தயார்செய்து, துறையின் அனுமதியோடு பிள்ளைகளை ஏற்பது இன்னொரு வழி. நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தவர்கள். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாயும். எந்த இடத்தில் சாயக்கூடாதோ அதையும் சொல்லிவிடுகிறோம்.

சபையே ஓர் இல்லம் கட்டிப் பத்து நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நன்கொடை திரட்ட அதுதான் சுலபம். கட்டடத்தைக் காட்டலாம், கல்வெட்டு பதிக்கலாம். ஆனால் பிள்ளைக்கு அது கடைசித் தேர்வாகத்தான் இருக்க வேண்டும். 2000-களின் தொடக்கத்தில் ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில், இல்லங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். மீதிப் பேருக்கு வழக்கமான பராமரிப்பே தொடர்ந்தது. குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் அறிவு வளர்ச்சி தெளிவாக மேம்பட்டது. இரண்டு வயதுக்குள் போனவர்களிடம் அந்த முன்னேற்றம் இன்னும் அதிகம். 2009-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்களும், குறிப்பாக மூன்று வயதுக்குட்பட்டவர்களைக் குடும்பச் சூழலில்தான் வைக்க வேண்டும் என்கின்றன. இல்லத்தை இத்தோடு விடுகிறோம்.

ஊர் வழிக்கு உள்ள பலங்களை யாரும் மறுக்க முடியாது. பிள்ளை அதே பள்ளிக்குப் போகும், அதே நண்பர்களோடு விளையாடும், பேச்சு வழக்கு மாறாது, வழிபாடு மாறாது. அம்மா பார்க்க வருவதற்கு ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை. ருவாண்டா தன் இல்லங்களைப் படிப்படியாகக் குறைக்க முனைந்தபோது ஒவ்வொரு கிராமத்துக்கும் ஓர் ஆண், ஒரு பெண் என இரண்டு தொண்டர்களைப் பயிற்றுவித்து நிறுத்தியது. குடும்பத்தின் நண்பர்கள் என்று அவர்களுக்குப் பெயர். அப்படிப் பொறுப்பான இரண்டு பேர் இருக்கும் இடத்தில் ஊர் வழி நன்றாகவே ஓடும்.

இல்லாத இடத்தில்தான் சிக்கல். ஊர் என்றால் எல்லோரும்தான். ஆனால் ராத்திரி பதினோரு மணிக்குக் குடித்துவிட்டு வந்து பிள்ளையின் அப்பா கதவைத் தட்டும்போது யாரைக் கூப்பிடுவது என்பதற்குப் பெயரும் போன் எண்ணும் வேண்டும். பெரும்பாலும் ஓர் ஆசிரியரோ செவிலியரோ தனி ஆளாக எல்லாவற்றையும் தாங்குகிறார். அவர் மாற்றலாகிப் போனால் முறையே நின்றுவிடுகிறது. பழைய கடன், எல்லைத் தகராறு போன்ற பகைகளும் பிள்ளையின் தலையில் விடியும். பல இடங்களில் எழுத்தில் உத்தரவே இல்லாமல் ‘பார்த்துக்கொள்ளுங்கள்’ என்ற வாய்ச்சொல்லோடு பிள்ளை வந்துவிடும். பிறகு பள்ளிச் சேர்க்கைக்கும் அறுவைச் சிகிச்சை ஒப்புதலுக்கும் கையெழுத்துப் போட யாருக்கும் அதிகாரம் இருக்காது.

அன்பு, இடவசதி, செலவு இவற்றில் இரண்டு வழிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நல்ல மனிதர்கள் ஊரிலும் இருக்கிறார்கள், சபையிலும் இருக்கிறார்கள். எங்களைச் சபை பக்கம் திருப்பியது ஒரே ஒரு விஷயம்: மூன்றாவது மாதம்.

முதல் சில வாரங்கள் பிள்ளை விருந்தாளியைப் போல நடந்துகொள்ளும். சொன்ன பேச்சைக் கேட்கும், தட்டைக் கழுவி வைக்கும். ‘இவ்வளவு நல்ல பிள்ளையையா விட்டுவிட்டார்கள்’ என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். கொஞ்சம் பாதுகாப்பு உணர்வு வந்த பிறகுதான் உள்ளே இருப்பது வெளியே வரும். படுக்கை நனையும். பொய் வரும். பள்ளியில் இருந்து புகார் வரும். தலையணை உறையைக் கழற்றினால் உள்ளே உடைந்த பிஸ்கட்டும் காய்ந்த ரொட்டியும் இருக்கும். திட்டினால் ஒளிக்கும் இடம் மாறும், அவ்வளவுதான். மூடி போட்ட ஒரு டப்பாவில் தின்பண்டம் போட்டு, இது உன்னுடையது, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று படுக்கை அருகே வைத்து, காலியாகும்போதெல்லாம் கேள்வி கேட்காமல் நிரப்ப வேண்டும். ஒளித்து வைக்கும் பழக்கம் பெரும்பாலும் மெல்லக் குறையும். (இன்னொன்று: பிள்ளை வந்த அன்றே அதன் துணிகளை எல்லாம் அலசிப் போட்டுவிடாதீர்கள். அந்த அழுக்கு வாசனை அதற்கு வீட்டு வாசனை.)

இதற்குள் வளர்க்கும் தாய் சரியாகத் தூங்கிப் பல வாரம் ஆகியிருக்கும். சொந்தப் பிள்ளைகள் முகம் சுளிக்கத் தொடங்கியிருப்பார்கள். ‘எங்களால் முடியவில்லை, அழைத்துப் போய்விடுங்கள்’ என்ற போன் வருவது இந்தக் கட்டத்தில்தான். அந்த ஒரு போனால் பிள்ளை இன்னொரு வீட்டுக்கு மாறும். அடுத்த வீட்டில் யாரையும் நம்ப அதற்கு இன்னும் நாளாகும். ஆகவே நல்ல குடும்பம் கிடைத்ததா என்பதைவிட, அந்தக் குடும்பத்தை மூன்றாவது மாதத்தில் யார் தாங்குகிறார்கள் என்பதே கேள்வி. வாரம் தவறாமல் ஓரிடத்தில் கூடும், ஒருவரையொருவர் பெயர் சொல்லி அறிந்த, வேலையைப் பங்குபோட்டுப் பழகிய கூட்டம் சபையில் ஏற்கெனவே இருக்கிறது. ஊர் வழியில் அதைப் புதிதாக உருவாக்க வேண்டும். 2003-இல் சிகாகோவில் தொடங்கிய ‘சேஃப் ஃபேமிலீஸ் ஃபார் சில்ட்ரன்’ இந்தப் பலத்தை வைத்தே வளர்ந்தது: பிள்ளையை வைத்துக்கொள்ளும் குடும்பம் ஒன்று, பெற்றோருக்கு நட்பாக நிற்பவர் வேறு, பொருளுதவி செய்பவர் வேறு.

ஆனால் கூட்டம் இருப்பதால் உதவி தானாக வந்துவிடாது. பிள்ளை வந்த முதல் வாரம் வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. துணி, பொம்மை, சாப்பாடு எல்லாம் குவியும். ஆறாவது வாரம் ஒருவரும் இருக்க மாட்டார்கள். அதனால் முதலிலேயே அட்டவணை போட்டு, உதவியைப் பிந்தைய வாரங்களுக்குத் தள்ளிவைக்க வேண்டும். எங்கள் கணக்கு இது: ஒரு வளர்ப்புக் குடும்பத்துக்கு ஐந்தாறு துணை வீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வேலை. முதல் வாரம் யாரும் வரவே வேண்டாம். பிள்ளைக்கு அந்த வீட்டு முகங்கள் மட்டும் பழகட்டும். இரண்டாவது வாரத்தில் இருந்து வாரம் ஒரு வேளைச் சாப்பாடு, ஆறாவது வாரத்தில் இருந்து பதினான்காவது வாரம் வரை வாரம் இரண்டு. பள்ளிக்கும் ஆலோசகரிடமும் பெற்றோர் சந்திப்புக்கும் கூட்டிப்போக ஒரே ஓட்டுநர். நாளுக்கொரு முகம் கூடாது. தடுப்பூசி அட்டை, பள்ளிக் கடிதம், சந்திப்புத் தேதி, நடந்த சம்பவங்களின் குறிப்பு ஆகியவற்றை ஒரு கோப்பில் வைக்க ஒருவர். வளர்க்கும் குடும்பத்தின் சொந்தப் பிள்ளைகளை வாரம் ஒரு மணி நேரம் தனியாக வெளியே அழைத்துப்போக ஒருவர். இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். குடும்பம் உடைவது பல நேரம் அந்தப் பக்கத்தில் இருந்துதான்.

எல்லாவற்றிலும் முக்கியம் மாற்று வீடு: மாதத்தில் இரண்டு இரவு பிள்ளையை வைத்துக்கொண்டு வளர்ப்போரைத் தூங்கவிடும் வீடு. அது எப்போதும் ஒரே வீடாக இருக்க வேண்டும். பிள்ளை அங்கே குறைந்தது மூன்று முறை பகலில் போய்ப் பழகிய பிறகே முதல் இரவு. தேதி முன்கூட்டியே நாட்காட்டியில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். ‘தேவைப்பட்டால் கேளுங்கள்’ என்று விட்டால் யாரும் கேட்பதில்லை. கேட்கும்போது காலம் கடந்திருக்கும். பிள்ளைக்கும், இது தண்டனை இல்லை, மாதாமாதம் நடப்பது என்று புரியும்.

ஒருங்கிணைப்பவர் போதகராக இருக்கக் கூடாது, போதகரின் மனைவியாகவும் கூடாது. அவர்களுக்கு நேரம் இல்லை என்பது பாதிக் காரணம்தான். போதகரிடம் யாரும் உண்மை நிலையைச் சொல்ல மாட்டார்கள். ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்டால் ‘ஸ்தோத்திரம், நன்றாக இருக்கிறோம்’ என்றுதான் பதில் வரும். ‘இந்த வாரம் எத்தனை இரவு தூங்கினீர்கள்?’ என்று கேட்டால் எண் வரும். இரண்டுக்குக் கீழே போனால் அன்றே மாற்று வீட்டுக்குப் போன் போட வேண்டும்.

சபை வழிக்கே உரிய கேடுகளும் உண்டு, அவை சிறியவை அல்ல. முதலாவது, ஜெப விண்ணப்பம். பிள்ளையின் அப்பா என்ன செய்தார், அம்மா எங்கே இருக்கிறார் என்பதெல்லாம் ஜெபக்குறிப்பாக வாட்ஸ்அப் குழுவில் ஏறிவிடும். ஞாயிறு பள்ளியில் பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்கும் தெரிந்துவிடும். ‘அந்தக் குடும்பத்துக்காக’ என்பதற்கு மேல் ஒரு சொல் போகக் கூடாது. படம் கூடவே கூடாது. மேடையில் சாட்சி சொல்ல வைப்பது எந்த நிலையிலும் கூடாது. இரண்டாவது, ‘அழைப்பு’. தேவ அழைப்பு என்று சொல்லி ஏற்றவர்களுக்கு, முடியவில்லை என்று சொல்வது விசுவாசக் குறைவாகப் படுகிறது. மூன்றாவது, பிரம்பு. வேத வசனத்தைச் சொல்லி அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அடி வாங்கி வந்த பிள்ளையை அடிக்கவே கூடாது என்பதை ஏற்கும் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். தயங்கினால் அந்தக் குடும்பம் வேண்டாம். நான்காவதுதான் மிக ஆபத்தானது: புகார் வந்தால் மூப்பர்களே கூடி விசாரித்து, மன்னிக்கச் சொல்லி முடித்துவிடுவது. சந்தேகம் வந்த அன்றே துறைக்கும் காவல்துறைக்கும் தெரிவிக்க வேண்டும், சபைக்குள் விசாரணையே கூடாது. துணை வீடுகள் உட்பட, பிள்ளையோடு தனியாக இருக்கப்போகும் ஒவ்வொருவருக்கும் காவல்துறைச் சான்று வேண்டும். முப்பது வருட விசுவாசி என்பது சான்று ஆகாது.

எந்தப் பிள்ளை எந்த வீட்டுக்கு என்று முடிவெடுப்பதும் சபையின் வேலை அல்ல. அது துறையின் சமூகப் பணியாளருடையது. அவர் வராமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1945 சாட்சி. வேல்ஸின் நியூபோர்ட் நகராட்சி, டெனிஸ் ஓநீல் என்ற 12 வயதுச் சிறுவனை இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் ஒரு பண்ணை வீட்டில் வளர்க்க விட்டது. பட்டினியும் அடியும் பட்டு, அந்த ஆண்டு ஜனவரியில் அவன் இறந்தான். யார் கண்காணிப்பது என்பது இரண்டு நிர்வாகங்களுக்கு இடையில் நழுவியிருந்தது. அந்தச் சாவை ஆராய்ந்த மாங்க்டன் விசாரணை, அதையடுத்துப் பெற்றோர் வீடு இல்லாத பிள்ளைகளின் பராமரிப்பை ஆராய்ந்த கர்டிஸ் குழு, பிறகு 1948-இன் குழந்தைகள் சட்டம் என்று பிரிட்டனில் நிலைமை மாறியது. துணைக் குழு வாரம் மூன்று முறை வந்து போகும் வீட்டில் எல்லாம் சரியாக இருக்கும் என்று பணியாளரும் நம்பிவிடுவார். அந்த நம்பிக்கைதான் பொறி. மாதம் ஒரு முறையாவது அவர் வந்து பிள்ளையைத் தனியே சந்திக்க வேண்டும், தூங்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். சபையைச் சேராத ஒருவரின் போன் எண் பிள்ளையிடமே இருக்க வேண்டும்.

அளவையும் கவனியுங்கள். ஒரு வீட்டுக்கு ஆறு துணை வீடுகள் என்றால் இரண்டு வளர்ப்புக் குடும்பத்துக்குப் பன்னிரண்டு. அறுபது குடும்பங்கள் உள்ள சபையில் முதியவர்களையும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களையும் கழித்தால் அதற்கு மேல் தேறாது. எழுச்சி நாளில் பத்துப் பேர் கை தூக்குவார்கள்; இரண்டோடு நிறுத்துங்கள். தத்தெடுக்கும் ஆசையோடு வருபவர்களைக் குறுகிய கால வளர்ப்புக்கு எடுக்காதீர்கள். அம்மா திரும்பி வரும்போது அவர்கள் வேண்டிக்கொள்வது அம்மாவுக்கு எதிராக இருக்கும். இருபது குடும்பங்களுக்குக் குறைந்த சபையிலும், முழுநேரக் கவனிப்பு தேவைப்படும் மாற்றுத்திறன் பிள்ளைகளிடமும் இந்த அட்டவணை தாங்கும் என்று உறுதி கூற மாட்டோம்.

சாய்வு செல்லாத இடங்கள் இரண்டு. பிள்ளையின் குடும்பம் வேறு மதம் என்றால், அதே மதத்தில் ஒரு குடும்பம் கிடைக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். 1989-இன் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 20-ஆவது பிரிவில், வளர்ப்பின் தொடர்ச்சியையும் மத, பண்பாட்டு, மொழிப் பின்புலத்தையும் கருதச் சொல்கிறது. கிடைக்காமல் சபைக் குடும்பத்துக்கு வந்தால், ஆராதனைக்கு வருவது கட்டாயம் இல்லை, ஞானஸ்நானம் கிடையாது, அதன் பண்டிகை நாளுக்கு அதன் வழிபாட்டிடத்துக்கு யார் கூட்டிப்போவது என்பதெல்லாம் முதல் நாளே எழுத்தில் இருக்கட்டும். மறுத்தால் அந்தச் சபைக்குப் பிள்ளையை அனுப்பக் கூடாது.

இரண்டாவது, தூரம். பெற்றோர் சந்திப்புக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் என்றால் சந்திப்புகள் குறையத் தொடங்கும். அவை குறைந்தால் பிள்ளை வீடு திரும்பும் வாய்ப்பும் குறையும். பதின்ம வயதுப் பிள்ளைகள் நண்பர்களையும் பள்ளியையும் விட்டு வருவதைவிட ஓடிப்போவதையே தேர்ந்துவிடலாம். அந்த ஊரிலேயே ஓர் அத்தையோ பக்கத்து வீட்டுக்காரரோ முன்வந்தால், துறை அவரைப் பார்த்துச் சரி என்று சொன்னால், பிள்ளை அங்கேயே இருக்கட்டும். சபை தன் துணைக் குழுவை அந்த வீட்டுக்கு அனுப்பலாம். அவர் எந்த மதமானாலும் சரி. முதலில் ஓட்டுநரை மட்டும் அனுப்புங்கள். வீட்டுக்கு வரும் சாப்பாட்டைத் தர்மமாக நினைத்து அவர் மறுக்கக்கூடும். பள்ளிக்கு வண்டி வருவதை அப்படி யாரும் நினைப்பதில்லை.