ஸ்பானிஷ் மூன்றாம் நிலை: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

டெக்சாஸில் எங்கள் ஊர் அரசு உயர்நிலைப்பள்ளியில் மகள் இந்த ஆண்டு ஸ்பானிஷ் மூன்றாம் நிலை படித்தாள். வண்ணங்கள், கிழமைகள், சாப்பாட்டுப் பெயர்கள் எல்லாம் முதல் ஆண்டோடு சரி. இங்கே வாட்டி எடுப்பது இறந்தகாலம், அதுவும் இரண்டு. மழை பெய்துகொண்டிருந்தது என்றால் 'யோவியா'. அந்நேரம் தொலைபேசி ஒலித்தது என்றால் 'சோனோ'. பின்னணிக்கு ஒன்று, நடந்து முடிந்ததற்கு மற்றொன்று. இரண்டையும் கலந்து கதை எழுதச் சொல்கிறார் ஆசிரியை. தவறான வினைகளைப் பச்சை மையில் வட்டமிடுவதோடு சரி, விடையை எழுதமாட்டார். பிள்ளையே திருத்திக் கொடுத்தால் பாதி மதிப்பெண் திரும்பக் கிடைக்கும். இந்த ஓர் ஏற்பாட்டுக்காகவே அவரைக் கும்பிடலாம்.

இரண்டாம் பருவத்தில் சப்ஜங்டிவ். விருப்பம், ஐயம், வேண்டுகோள் வந்தால் வினை உருமாறும். மனப்பாடப் புலிகள் பதுங்குவது இங்கேதான்.

பேச்சுப் பயிற்சி போதவே போதாது. வீட்டில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளும் அதே வகுப்பில் இருப்பதால், அவர்கள் பொழிந்து தள்ள, மற்றவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். (எழுத்துத் தேர்வில் அழுத்தக் குறிகளை விட்டுவிட்டு அவர்களும் மாட்டிக்கொள்வது தனிக் கதை.) பெரும்பாலும் ஸ்பெயினில் புழங்கும் 'வோசோத்ரோஸ்' (நெருக்கமான பலரைப் பார்த்துச் சொல்லும் 'நீங்கள்') வடிவங்களைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மெக்சிகோ பக்கத்தில் இருக்கும்போது அதனால் நட்டமில்லை.

அடுத்து ஏபி தேர்வை (உயர்நிலைப்பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு) நினைப்பவர்கள் இந்த வகுப்பை மட்டும் நம்ப வேண்டாம். தினமும் ஸ்பானிஷ் வானொலிச் செய்தி கேட்கச் செய்யுங்கள். அந்தத் தேர்வில் கேட்டுப் புரிந்துகொள்ளும் பகுதியும் உண்டு.