நான்கு கண் டார்ச்சா, ஒற்றைக் கண்ணா? பத்தாவது நிமிடக் கணக்கு

போடிமெட்டுக்கு அப்பால், பூப்பாறைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது. வீடு போடியில். 17 கொண்டை ஊசி வளைவுகளை இரவில் இறங்க மனமில்லாமல், காய் உலரும் நாட்களில், அதை உலர்த்தும் ஸ்டோரிலேயே படுத்துவிடுவேன். அப்பா காலத்து மூன்று கட்டை டார்ச் அங்கே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டை கசிந்து, ஸ்பிரிங்கில் பச்சை பூத்து, ஒருநாள் அது கண்ணை மூடியது. புதிது வாங்கப் போனவன் டார்ச் பித்துப் பிடித்துத் திரும்பினேன்.

கடைசியில் இரண்டுதான் மிஞ்சின. ஒன்று, பெரிய கிண்ணம் போன்ற பிரதிபலிப்பானுக்கு நடுவே ஒரே ஒரு எல்.இ.டி. வைத்த தூரப் பாய்ச்சல் டார்ச். கன்வாய் சி8 அந்த இனத்துக்குப் பேர்போனது. மற்றது, உள்ளங்கைக்குள் அடங்கும் உடம்பில் நான்கு எல்.இ.டி.களை நெருக்கி உட்கார வைத்த குட்டி. எமிஸார் டி4வி2 அந்தக் குலத்தின் பிரபல முகம். இரண்டும் ஒரே ஒரு 18650 பேட்டரியில் எரிபவை. முன்னதை என் மச்சான் வாங்கினார். பின்னதை நான் வாங்கினேன், ஏறக்குறைய இரு மடங்கு விலைக்கு. நிறுவனத்தின் பெயர் வேண்டாம், குறையும் சொல்லப் போகிறேன்.

தூரத்தில் மச்சானுடையதுதான் ஜெயிக்கும், அதில் வழக்கே இல்லை. டார்ச் எத்தனை மீட்டர் பாயும் என்பதற்கு எளிய வாய்பாடு உண்டு: கற்றையின் செறிவைச் சொல்லும் கேண்டெலா எண்ணின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்க வேண்டும். 10,000 கேண்டெலா என்றால் 200 மீட்டர், 40,000 என்றால் 400 மீட்டர். நான்கு மடங்கு செறிவு, இரு மடங்கு தூரம். அந்தத் தூரத்தில் விழும் வெளிச்சமோ கால் லக்ஸ். பௌர்ணமி நிலவு அளவுதான். அட்டையில் போட்ட தூரத்தில் பாதியை நம்பினால் ஏமாற மாட்டோம். நான்கு கண் குட்டியில் ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் கிடைப்பது பட்டாணி அளவு லென்ஸ். ஒளி குவியாது, பரவும்.

மச்சான் ஜீப் ஓட்டுபவர். 2023 ஏப்ரலில் அரிக்கொம்பனைப் பிடித்த சின்னக்கானல் எங்களுக்கு அதிக தூரமில்லை. அவன் போய்விட்டான், மற்ற யானைகள் போகவில்லை. “முன்னால் என்ன நிற்கிறது என்று தெரியாமல், காலடிப் புல்லைப் பார்த்து என்ன செய்வது மாப்பிள்ளை?” என்பார். அவர் வேலைக்கு அது சரி.

மொத்த வெளிச்சத்தைச் சொல்லும் லூமன் எண்ணிக்கையில் என்னுடையது எங்கோ உயரத்தில் நிற்கிறது. நான்கு கண்ணும் முழு வேகத்தில் எரிந்தால் நாலாயிரம் வரை தொடும் என்று விளம்பரம். வாங்கிய முதல் இரவு ஸ்டோர் முற்றத்தில் அதைப் போட்டுக் காட்டினேன். எதிர்ச்சரிவு முழுக்கப் பகலாகிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. காவலுக்கு இருந்த பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “மின்னல் மாதிரி வந்துவிட்டுப் போகிறதே ஐயா, நின்று எரியாதா?” என்றார். அதற்குள் வெளிச்சம் இறங்கத் தொடங்கியிருந்தது.

அவர் கேட்ட கேள்விதான் இந்த ஒப்பீட்டின் முதுகெலும்பு. உச்சத்தில் பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வாட்டுக்கு மேல் வருகிறது. அதில் வெளிச்சமாவது போக நாற்பது வாட்டாவது சூடாக உடம்பில் இறங்கும். ஒரு கிராம் அலுமினியத்தை ஒரு டிகிரி சூடாக்க 0.9 ஜூல் போதும். உலோகம் மட்டும் 60 கிராம் என்றால், விநாடிக்கு முக்கால் டிகிரி ஏறும். இருபது டிகிரிக் குளிரில் தொடங்கினாலும் முக்கால் நிமிடத்தில் கையில் பிடிக்க முடியாது. அதனால்தான் உள்ளே இருக்கும் மென்பொருள் வெப்பத்தைப் பார்த்துத் தானாகவே வெளிச்சத்தைக் குறைக்கிறது. குறைக்காவிட்டால்தான் அது கெட்ட டார்ச். ஆகவே நாலாயிரம் என்பது அரை நிமிடச் சங்கதி. பத்தாவது நிமிடத்தில் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். கருவி வைத்து நான் அளக்கவில்லை. சுவரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அடித்துப் பார்த்த கண் மதிப்பில், என்னுடையது ஐநூறு, அறுநூறு லூமனில் நிலைகொள்கிறது. மச்சானுடையது தலை பெருத்தது, உலோகம் அதிகம். அது இதைவிடக் கூடுதலாகவே தாக்குப்பிடிக்கிறது.

அப்படியானால் நான் தோற்றேனா என்றால், இல்லை. மிஞ்சிய ஐநூறு எங்கே விழுகிறது என்பதும் கணக்கில் சேர வேண்டும். ஏலச்செடிக்கு நடுவே நடந்தால் இருபது அடிக்கு மேல் பார்வை போகாது, இலை மறைக்கும். எனக்கு வேண்டியது காலடியும், தூரில் சுருண்டு கிடக்கும் குழிவிரியனும், இரண்டு பக்கத்து வரப்பும் ஒரே பார்வையில். மச்சானுடைய டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்தால் தரையில் ஒரு தட்டு அளவுக்குக் கண் கூசும் வட்டம் விழுகிறது, சுற்றிலும் மங்கல். அந்த வட்டத்தையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஓரத்தில் நெளிவது தெரியாது. நானூறு லூமனைப் பரப்பி விரித்தால் நடக்கிறவனுக்குப் போதும். இன்னொரு லாபம், அதே வெளிச்சத்தை நான்கு எல்.இ.டி.கள் பங்கிட்டுக்கொள்வதால் ஒவ்வொன்றும் குறைந்த மின்னோட்டத்தில் ஓடுகிறது. எல்.இ.டி.யைக் கசக்கக் கசக்க அதன் திறன் குறையும். நோகாமல் ஓட்டினால் சூடு குறைவு. நடுத்தர வெளிச்சத்தில் இந்த லாபம் சிறியதுதான், பெரிதாக்கிச் சொல்ல மாட்டேன்.

நிறத்துக்காகவும் நான் இந்தப் பக்கம் சாய்ந்தேன். நிறம் காட்டும் திறன் நூற்றுக்கு 90க்கு மேல் உள்ள எல்.இ.டி.கள் பொதுவாக வெளிச்சத்தில் கொஞ்சம் பின்தங்கும். நான்கு இருப்பதால் அந்த இழப்பு உறைக்கவில்லை. ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தின் 519ஏ எல்.இ.டி.யை, 4500 கெல்வின் நிறச்சாயலில் கேட்டு வாங்கினேன். ஸ்டோரில் சுமார் ஐம்பது டிகிரிச் சூட்டில் காய் விடிய விடிய உலரும். நடுவே தட்டை இழுத்து, ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பேன். மச்சானின் நீலம் கலந்த வெள்ளையில் எல்லாக் காயும் ஒரே சாம்பல் பச்சை. என்னுடையதில், விளிம்பில் மஞ்சள் ஏறத் தொடங்கிய காய் தனியாகத் தெரிகிறது. ஏலத்தில் பச்சைக்குத்தான் விலை என்று போடியில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

குறைகள். மூடுபனியில் என் டார்ச் வெள்ளைச் சுவர் எழுப்பிவிடும். இடுப்புக்குக் கீழே பிடித்து, குறைத்து எரித்தால்தான் வழி தெரியும். ஒற்றைக் கண் பனியிலும் ஒரு வெள்ளைக் கம்பத்தை நீட்டுகிறது. அதன் ஓரத்தில் பார்த்து நடக்கலாம். அடுத்தது, பூட்ட மறந்தால் வினை. ஒருநாள் பைக்குள் பொத்தான் அழுந்தி எரிந்து, பக்கத்தில் இருந்த ரெயின்கோட்டில் ஓட்டை விழுந்தது. என் அஜாக்கிரதைதான். ஆண்டுரில் என்ற பொதுமென்பொருள் உள்ளவற்றில் நான்கு முறை சொடுக்கினால் பூட்டிக்கொள்ளும். இப்போது அது விரலுக்குப் பழக்கமாகிவிட்டது.

பேட்டரியில் கஞ்சத்தனம் கூடாது. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதுதான் 18650 என்ற பெயர். அந்த அளவுக்குள் பரவலாகக் கிடைக்கும் நல்ல சரக்கு 3000 முதல் 3500 மில்லி ஆம்பியர் மணி வரைதான். மேலுறையில் 9900 என்று அச்சடித்து விற்பது பொய். ஒற்றைக் கண் டார்ச் சுமாரான பேட்டரியையும் சகித்துக்கொள்ளும். நான்கு கண் சகிக்காது. சாம்சங் 30கியூ போல 15 ஆம்பியர் தாங்குவதைப் போட வேண்டும்.

மூன்று நான்கு பேட்டரி போடும் சோடா டப்பா அளவு டார்ச்சுகளும் உண்டு. உலோகம் அதிகம் என்பதால் சூட்டுக் கணக்கில் அவை என்னுடையதை மிஞ்ச வேண்டும். ஒரு மாதமாவது வைத்திருந்து பார்க்காமல் அதற்கு மேல் பேச மாட்டேன். என்னுடையதுகூட இரண்டு மழைக்காலம்தான் கண்டிருக்கிறது. ரப்பர் வளையத்துக்கு சிலிக்கோன் கிரீஸ் தடவி வருகிறேன், இதுவரை ஈரம் ஏறவில்லை.

போன வாரம் ஸ்டோருக்கு வந்த மச்சான் தட்டின் மேல் குனிந்து, என் டார்ச்சை வாங்கிக் காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஜீப்பில் ஏறும்போது மட்டும், “இது எத்தனை நாளில் வந்து சேர்ந்தது?” என்று கேட்டார்.