50 நட்சத்திர ஸ்டென்சிலும் எங்கள் பாகற்பந்தலும்

போன வருஷம் அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழி எடுத்த அன்று கையில் ஒரு சின்ன அமெரிக்கத் துணிக்கொடி கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் என் மகள் அதைத் தக்காளித் தொட்டியில் நட்டு வைத்தாள். கோடை முடிவதற்குள் ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்துவிட்டது. பார்க்க மனசு கேட்கவில்லை. அடுத்த ஜூலை 4 சுதந்திர தினத்துக்கு நம் கையாலேயே மரத்தில் ஒரு கொடி செய்து தோட்டத்து வேலியில் மாட்டிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அதற்காக வாங்கியதுதான் இந்த ஸ்டென்சில் செட் (துளை வழியாகப் பெயிண்ட் ஒற்றி உருவம் எடுக்கிற அச்சுத் தாள்): மைலார் என்கிற வழுவழுப்பான பிளாஸ்டிக் தாளில் வெட்டிய 50 நட்சத்திரங்கள், இரண்டு ஸ்பாஞ்ச் பிரஷ், ஒரு குட்டி பாட்டில் வெள்ளை பெயிண்ட். ஆன்லைனில் 16 டாலர்.

முதலில் நல்ல விஷயம். நட்சத்திரங்களின் எண்ணிக்கையும் வரிசையும் சரியாக இருக்கின்றன. இதைப் போய்ச் சொல்ல வேண்டுமா என்று நினைக்காதீர்கள். வாங்குவதற்கு முன் படங்களைப் பெரிதாக்கி எண்ணிப் பார்த்தேன். சில ஸ்டென்சில்களில் இடம் போதவில்லை என்று நட்சத்திரங்களைக் குறைத்திருந்தார்கள். மொத்தம் 9 வரிசை. 6, 5, 6, 5 என்று மாறி மாறி வர வேண்டும். ஆறு உள்ள வரிசை ஐந்து, ஐந்து உள்ள வரிசை நான்கு. ஹவாய் மாநிலமாகச் சேர்ந்த பிறகு 1960 ஜூலை 4 முதல் இதே அமைப்புதான். என் மகள் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, விரல் வைத்து எண்ணி, "அம்மா, ஐம்பது!" என்று கத்திய பிறகுதான் பிரஷ்ஷையே தொட்டோம்.

அளவும் கச்சிதம். கடையில் '1க்கு 2' என்று விற்கிற ரீப்பர் கட்டையின் உண்மையான அகலம் ஒன்றரை அங்குலம்தான். கொடியின் பட்டைக்கு ஒன்றாக அதில் 13 துண்டுகளை ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டினால் உயரம் பத்தொன்பதரை அங்குலம். அரசு வகுத்த கணக்கில் கொடியின் நீளம் உயரத்தைப் போல 1.9 மடங்கு. அதன்படி 37 அங்குலம். எட்டடிக் கட்டை ஒன்றில் இரண்டு துண்டு கிடைக்கும் என்பதால் ஏழு கட்டை போதும். நட்சத்திரங்கள் இருக்கிற நீலக் கட்டம் மேலே உள்ள ஏழு துண்டுகளின் உயரத்துக்கு வரும்; அகலம் பதினான்கே முக்கால். இந்த ஸ்டென்சில் அந்தக் கட்டத்துக்குள் நாலு பக்கமும் சமமாக இடம் விட்டு உட்கார்ந்தது. வெட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பின்பக்கம் இரண்டு குறுக்குச் சட்டம் வைத்து ஸ்க்ரூ முடுக்கியதெல்லாம் ஒரு சனிக்கிழமைக் காலை வேலை.

சரி, சிக்கலுக்கு வருகிறேன். நட்சத்திர வரிசை ஒன்பது, நீலக் கட்டத்தில் கட்டைத் துண்டு ஏழு. அதனால் பல நட்சத்திரங்கள் இரண்டு கட்டை சேருகிற இடுக்கின் மேலேயே விழுகின்றன. அங்கே ஸ்டென்சில் மரத்தோடு ஒட்டாமல் தூக்கி நிற்கும். பெயிண்ட் அடியில் கசியும். நாங்கள் முதலில் செய்தபோது மூன்றாவது வரிசையில் ஒரு நட்சத்திரத்துக்குக் கால் முளைத்த மாதிரி வெள்ளை ஒழுகியிருந்தது. செட்டோடு வந்த குறிப்புத் தாளில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதுதான் எனக்குப் பெரிய குறை. பலகையாக ஒரே துண்டில் செய்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. கட்டை ஒட்டிச் செய்தால் நீலம் வருகிற இடத்தில் மட்டும் இடுக்குகளை மரப் புட்டி வைத்து அடைத்து, காய்ந்ததும் தேய்த்துவிடுங்கள். அப்புறம் நீலம் அடித்து நன்றாகக் காயவிட்டு, ஸ்டென்சிலை ஒட்டி, அதன் மேல் அதே நீலத்தையே முதலில் மெல்லிசாக ஒற்றி எடுங்கள். கசிவது நீலத்தின் மேல் நீலமாகக் கசிந்து ஓரத்தை அடைத்துவிடும். அதற்கு மேல்தான் வெள்ளை. பிரஷ்ஷை பெயிண்டில் தொட்டதும் ஒரு பேப்பர் டவலில் ஒற்றி, கிட்டத்தட்ட காய்ந்த பிரஷ்ஷால் தட்டித் தட்டிப் போட வேண்டும். இழுக்கவே கூடாது. இப்படி இரண்டாம் தடவை செய்தபோது ஐம்பதுக்கும் ஐந்து முனை கூர்மையாக வந்தது. ஸ்டென்சிலைத் தூக்கிய அந்த நிமிஷம் மகளும் நானும் பேசவே இல்லை.

கூட வரும் வெள்ளை பெயிண்டை நம்ப வேண்டாம். மூன்று கோட் அடித்தும் நீலம் தெரிந்தது. வெளியில் வைக்க ஏற்றது என்றும் அதில் போடவில்லை. வெளிப்புற அக்ரிலிக் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், மேலே வெளிப்புற வார்னிஷ் இரண்டு கோட். பின்பக்கத்துக்கும் அடியுங்கள், ஈரம் அங்கிருந்துதான் ஏறும்.

மாட்டுவதற்குள் மாமா ஒரு கண்டிப்புப் போட்டார். ஊரில் ஆகஸ்ட் 15க்குக் கொடியேற்றிப் பழகிய தலைமையாசிரியர் அவர். "மரமோ துணியோ, கொடின்னா கொடிதான்மா, மண்ணுல பட வேண்டாம்" என்று காயும் வரைக்கும் அதை இரண்டு நாற்காலி மேலேயே வைத்திருந்தார். இந்த நாட்டுக் கொடிச் சட்டமும் அதையேதான் சொல்கிறது. சுவரிலோ வேலியிலோ மாட்டினால், பார்க்கிறவருக்கு இடது மேல் மூலையில் நீலம் வர வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. நெடுக்காகத் தொங்கவிட்டாலும் அப்படித்தான்.

இப்போது அது பாகற்பந்தலுக்குப் பக்கத்து வேலியில் இருக்கிறது. நியூஜெர்சியில் ஜூலை முதல் வாரம் என்றால் தோட்டம் அப்போதுதான் பேச ஆரம்பிக்கும். ஏப்ரலில் வீட்டுக்குள் விதை போட்டு, மே நடுவில் பனி பயம் போன பிறகு வெளியே நட்ட பாகல் இப்போதுதான் பந்தலின் மேல் கம்பியைத் தொட்டிருக்கிறது. வெண்டையில் மொட்டு. தக்காளி இன்னும் பச்சை, ஆனால் இலையைத் தொட்டுவிட்டுக் கையை முகர்ந்தால் அந்த வாசனை அரை நாள் போகாது. கொடிக்குக் கீழே சிவப்பு சால்வியா, வெள்ளை பெட்டூனியா, நீல சால்வியா வரிசையாக வைத்தேன். சிவப்பு சால்வியாவுக்கு ஒரு ஹம்மிங் பறவை தினமும் காலை வருகிறது. ஒரு நாள் பூவில் குடித்துவிட்டு மேலே எழும்பி, கொடியின் சிவப்புப் பட்டைக்கு முன்னால் இரண்டு நொடி அப்படியே அந்தரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனது. மாமா காபி டம்ளரை வாயருகில் வைத்தபடியே உறைந்துபோனார்.

நீலத்துக்கு ஹைட்ரேஞ்சியாவை நம்பியிருந்தேன். அது இளஞ்சிவப்பாகப் பூத்துவிட்டது. மண் அமிலமாக இருந்தால்தான் அலுமினியம் செடிக்குள் ஏறி நீலம் வரும். இலையுதிர் காலத்தில் மண்ணில் கந்தகம் கலந்து பார்க்கப் போகிறேன்.

ஜூலை 4 இரவு ஊர் வாணவேடிக்கை முடிந்து வந்து, விளக்கை அணைத்துவிட்டுப் பின்கட்டில் உட்கார்ந்தோம். மின்மினிகள் வெண்டைச் செடிகளிலிருந்து எழும்பி வேலி வரைக்கும் ஏறின. மகள் அதையும் எண்ணப் பார்த்தாள்.

ஸ்டென்சிலுக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன். ஒரு புள்ளி குறைத்தது அந்தக் குறிப்புத் தாளுக்கும் பெயிண்டுக்கும். ஸ்டென்சில் தாள் தரமானது, வேலை முடிந்த உடனே வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் பெயிண்ட் உரிந்து வந்துவிடுகிறது. காயவிட்டுவிட்டால் நட்சத்திர முனைகளில் ஒட்டிக்கொண்டு வரவே வராது. எங்களுடையதை அட்டைக்கு நடுவில் வைத்துத் தட்டையாக எடுத்து வைத்திருக்கிறேன். எங்களோடு சேர்ந்து உறுதிமொழி எடுத்த தோழி அடுத்த வாரம் வாங்கிக்கொண்டு போக வருகிறாள். அவளுக்காக மரப் புட்டி டப்பாவையும் கூடவே வைத்தாகிவிட்டது.